கரெக்‌ஷன் கணக்கு: பேசியதற்கு மேல் திருத்தம் கேட்கும் பார்ட்டியை எப்படிச் சமாளிப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்பவர்களிடம் வருவது பெரும்பாலும் இந்த வேலைகள்தான்: கல்யாணப் பத்திரிகை, அறுபதாம் கல்யாண மலர், பலகார லேபிள், ஆத்தங்குடி டைல் கேட்லாக், கண்டாங்கிச் சேலை விற்பவர்களுக்கு இன்ஸ்டாகிராம் படங்கள், ஹோட்டலாக மாறிய கானாடுகாத்தான் பெரிய வீட்டுக்கு வெப்சைட். எல்லாவற்றிலும் “ரெண்டு கரெக்‌ஷன் ஃப்ரீ” என்று பேசித்தான் ஆரம்பிக்கிறோம். ஏழாவது வரும்போது பார்ட்டி ஏமாற்றுவதாக நமக்குத் தோன்றும். அவரோ இரண்டாவதையே இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒரு கரெக்‌ஷன் என்றால் என்ன என்று யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். ஒரு எழுத்தை மாற்றுவது ஒன்றா? வாட்ஸ்அப்பில் வந்த 23 குறிப்பும் சேர்ந்து ஒன்றா? காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ், மாலையில் “அதோட இதையும்” என்று இன்னொன்று வந்தால் எத்தனை? அளவுகோல் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பேசினால் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் ‘சுற்று’ என்றால் என்ன என்று எழுதுங்கள்

கரெக்‌ஷனைத் தனித்தனியாக எண்ணாமல் சுற்றுக் கணக்கில் பேசுங்கள். ஒருவர், ஒரே பட்டியலாக, எழுத்தில் அனுப்பும் திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று. பட்டியலில் ஒன்று இருந்தாலும் ஒரு சுற்று, இருபது இருந்தாலும் ஒரு சுற்று. பட்டியல் கொடுத்த பிறகு நினைவுக்கு வருவது அடுத்த சுற்றில் சேரும். இப்படிச் சொன்னால் பார்ட்டியே உட்கார்ந்து யோசித்து மொத்தமாக அனுப்புவார். அதில் அவருக்கும் லாபம்.

அடுத்து, வருகிற திருத்தத்தை வகை பிரிக்க வேண்டும். ஒரு தேன்குழல் லேபிளை எடுத்துக்கொள்வோம். ‘தேன்குழல்’ என்ற சொல்லில் கொம்பு இடம் மாறியிருந்தால் அது நம் பிழை; எத்தனை தடவை ஆனாலும் இலவசம், சுற்றில் சேராது. “பெயரைக் கொஞ்சம் பெரிசாக்கு, சிவப்பை அரக்குச் சிவப்பா மாத்து” என்றால் அது சுற்றில் சேரும். “லேபிள் வேண்டாம், பவுச்சிலயே நேரா அச்சடிக்கலாம்” என்றால் அது திருத்தமே அல்ல, புது வேலை. கிராவ்யூர் அச்சில் பவுச் அடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வேண்டும். நிறங்களின் எண்ணிக்கையே செலவு என்பதால் டிசைனை அடியிலிருந்து மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும். கேட்பவருக்கு இது தெரியாது. அவர் கண்ணில் பழைய படத்தை வேறு இடத்தில் ஒட்டுவது மாதிரிதான். அதனால் விலையைச் சொல்வதற்கு முன் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

இடையில் ஒரு சிக்கலான வகை உண்டு: பார்ட்டி கொடுத்த தகவலே தப்பு. உணவு லேபிளில் இது அடிக்கடி நடக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க உரிம எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போயிருக்கும்; நிகர எடை 250 கிராம் என்று சொல்லிவிட்டுப் பிறகு 200 என்பார்கள்; சேர்மானங்களை அதிக அளவில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது கடைசி நாளில் தெரியவரும். அச்சுக்குச் சம்மதம் என்று பார்ட்டி கையெழுத்துப் போடுவதற்கு முன் வந்தால் நடப்புச் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு வந்தால் ஒரு சின்ன நிலையான தொகை. இதில் ரொம்பக் கறாராக இருப்பதில் பலன் இல்லை. அதைவிட, உரிம எண், பச்சை சைவக் குறி, எடை, வரிகள் உட்பட எம்ஆர்பி, தயாரித்த தேதி, எதுவரை உண்ணலாம், சேர்மானங்கள், ஒவ்வாமைக் குறிப்பு, ஊட்டச்சத்து அட்டவணை, முகவரி, புகார் எண் என்று ஒரு படிவம் வைத்திருந்து, அது முழுதாக நிரம்பும் வரை வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. எம்ஆர்பி, பேட்ச் எண், தேதி இவற்றை லேபிளில் அச்சடிக்காமல் வெற்றுக் கட்டமாக விட்டுப் பிறகு முத்திரை குத்திக்கொள்ளச் சொன்னால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

கூடுதல் சுற்றுக்கு என்ன விலை

வாயில் வந்த தொகையைச் சொல்லக் கூடாது. ஒரு லேபிள் ரூ.6,000 என்று வைத்துக்கொள்வோம். கேட்டறிய 1 மணி நேரம், கரட்டு வடிவம் 3, முழு வடிவம் 4, இரண்டு சுற்றுக்கு 3, அச்சுக்கோப்பு 1. மொத்தம் 12 மணி நேரம், மணிக்கு ரூ.500 விழுகிறது. கூடுதல் சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் வேலை, அதற்கு மேல் கோப்பைத் திறந்து, ஏற்றுமதி செய்து, அனுப்பி, போனில் பேச அரை மணி. ஆக ரூ.1,000. ஆறு சுற்று கூடுதலாகச் செய்து காசு வாங்காவிட்டால் 24 மணி நேர உழைப்புக்கு அதே ரூ.6,000தான், மணிக்கு ரூ.250 ஆகிவிடும். உங்கள் எண்களை வைத்து ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு தொகையைச் சொல்லும்போது குரல் தானாக நிதானமாகிவிடும்.

மணிக்கணக்கில் விலை சொல்ல வேண்டாம். நாம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதைப் பார்ட்டியால் சரிபார்க்க முடியாது, சந்தேகம்தான் வளரும். சுற்றுக்கு இவ்வளவு என்றால் அவரே எண்ணிக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது

சொந்த ஊரில், தெரிந்த வீட்டில், எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் பலருக்கு. நகரத்தார் வீட்டில் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தப் பத்திரம் எழுதித்தான் நடத்துகிறார்கள். சீர் சாமானுக்குப் பட்டியல் இருக்கிறது. கணக்கு எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாத ஊர் இது. எழுதாமல் விட்டதுதான் பின்னால் மனத்தாங்கலாக நிற்கும்.

பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. தமிழில், ஒரே பக்கத்தில், இந்த மாதிரி போதும்:

“இந்த வேலைக்குக் கட்டணம் ரூ.6,000. ஒரு வடிவமைப்பும் இரண்டு திருத்தச் சுற்றும் இதில் அடக்கம். சுற்று என்பது தாங்கள் ஒரே பட்டியலாக எழுதி அனுப்பும் திருத்தங்கள். மூன்றாம் சுற்றிலிருந்து சுற்றுக்கு ரூ.1,000. எங்கள் பிழையைத் திருத்தக் கட்டணம் இல்லை. அளவு, மொழி, பொருள், அடிப்படைக் கருத்து மாறினால் புது வேலை. விலை சொல்லி, தங்கள் சம்மதம் பெற்ற பிறகே தொடங்கப்படும். திருத்தம் சொல்பவர்: ________. முழுத் தொகை செலுத்திய பின் அச்சுக்கோப்பும், வடிவமைப்பைப் பயன்படுத்தும் உரிமையும் தங்களுடையது.”

கடைசி வாக்கியத்தைச் சடங்குக்காகச் சேர்க்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். மலேசியாவுக்குப் பலகாரம் அனுப்பும் பார்ட்டிக்கு இந்த வரி முக்கியம். அவருக்கும் நன்மை என்று சொல்லிக் காட்டலாம். சிடிஆர், பிஎஸ்டி போன்ற, மறுபடி திருத்தக்கூடிய திறந்த கோப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரிப்பது நல்லது: அட்வான்ஸ் ரூ.3,000, முழு வடிவம் காட்டியதும் ரூ.1,800, அச்சுக்கோப்பு தருமுன் ரூ.1,200. நடுத் தவணை முதல் சுற்றுக்கு முன்பே வந்துவிட வேண்டும். கடைசித் தவணை மிகப் பெரிதாக இருந்தால் பார்ட்டி வேலையை முடிக்கவே விடமாட்டார், மிகச் சிறிதாக இருந்தால் உங்கள் கையில் பிடி இருக்காது. பாக்கி தீரும் வரை அச்சுத் தரத்துக்குப் போதாத, குறுக்கே பெயர் போட்ட ஜேபிஜி மட்டும் அனுப்புங்கள்.

திருத்தம் பிறக்கும் இடங்களை முன்பே அடைப்பது

பத்திரிகை வேலையில் பெரும்பாலான கரெக்‌ஷன் டிசைனில் வருவதில்லை, பெயரில் வருகிறது. நகரத்தாரின் ஒன்பது கோவிலில் எது, எந்தப் பிரிவு, வீட்டு விலாசத்தில் முன்னெழுத்துகளின் வரிசை, ஐயா (தாத்தா) பெயருக்குப் பிறகு அப்பச்சி (அப்பா) பெயரா, ஆயா வீட்டார் பெயர் எந்த இடத்தில் என்று வீட்டுக்குள் முடிவாகாததெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் வந்து முடிவாகும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. டிசைனே இல்லாமல் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில், 16 புள்ளி அளவில் வாசகத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். சிவப்புப் பேனாவையும் சேர்த்துக் கொடுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பழைய பத்திரிகையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பேர் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிசைன். போன் திரையில் பார்ப்பவர் பூவையும் பார்டரையும் பார்ப்பார். பிழை அகப்படுவது தாளில்தான்.

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அழைக்கத் தொடங்கும் நாள், அச்சகம் கேட்கும் நாள்கள், சிவகாசியில் அடித்தால் வந்து சேரும் நாள் இவற்றைக் கழித்து, “வாசகம் முடிய வேண்டிய தேதி” ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்தாலும், மார்கழி கழிந்து தை பிறந்தாலும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அவசரம். அந்த நேரத்தில் வருகிற நான்காவது சுற்று அடுத்த பார்ட்டியின் நாளைத்தான் தின்னும்.

நம் பக்கத்துப் பிழைகளையும் குறைக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றும்போது ஸ்ரீ, ஷ, கொம்பும் காலும் சேரும் எழுத்துகள் இவற்றைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி பாரகிராஃப் கம்போசர்’ தேர்வாகாமல் இருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி விருப்பங்களைச் செட்டிங்கில் இயக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றிய பின் மறுபடி ஒருமுறை வாசியுங்கள். இதில் கோட்டை விட்டுவிட்டுப் பார்ட்டியிடம் சுற்றுக் கணக்கு பேசினால் எடுபடாது.

நிறத்துக்காக வரும் திருத்தம் முடிவே இல்லாதது. போன் ஒளியில் காட்டுகிறது, அச்சு மையில் காட்டுகிறது; ஒவ்வொருவர் போனிலும் அரக்கு ஒவ்வொரு மாதிரி தெரியும். கையெழுத்துக்கு முன் டிஜிட்டல் பிரஸ்ஸில் அதே மாதிரித் தாளில் ஒரு மாதிரி எடுத்து நேரில் காட்டுங்கள். பக்கத்துச் செலவு சில ரூபாய்தான், பார்ட்டி கணக்கில் போடலாம். ஆஃப்செட்டில் நான்கு பிளேட் போட்ட பிறகு வரும் மாற்றத்துக்குப் பிளேட்டும் புதிது, அச்சகத்தில் காத்திருப்பும் புதிது.

கரட்டு வடிவத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது இன்னொரு நல்ல பழக்கம். இரண்டு வேறு வேறு அமைப்புகள் போதும். நிறம் இருந்தால் பேச்சு நிறத்துக்குப் போய்விடும். அமைப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு மூன்றாவது சுற்றில் அமைப்பே பிடிக்கவில்லை என்பார்கள்.

வரம்பு தாண்டும்போது என்ன எழுதுவது

வாய்ஸ் மெசேஜில் வந்ததை அப்படியே செய்யாதீர்கள். கேட்டு, எண் போட்டு எழுதி, “இவ்வளவுதானா, இன்னும் சேர்க்கணுமா?” என்று திருப்பி அனுப்பி, “சரி” வந்த பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றையும் அனுப்பும்போது கோப்பின் பெயரிலேயே ‘சுற்று 1’, ‘சுற்று 2’ என்று இருக்கட்டும். இரண்டாவது அனுப்பும்போதே “இது பேசிய கடைசிச் சுற்று” என்று சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வந்த பிறகு முதல்முறையாகச் சொன்னால், பொறி வைத்துப் பிடித்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது வந்ததும் அனுப்ப வேண்டியதில் ஐந்து விஷயம் போதும்: கிடைத்தது, எத்தனையாவது, எவ்வளவு, எப்போது கிடைக்கும், வேண்டாமென்றால் வேறு வழி.

“ஆச்சி, வணக்கம். அனுப்பின ஆறு திருத்தத்தையும் பார்த்துட்டேன். பேசின ரெண்டு சுற்றும் போன செவ்வாயோட முடிஞ்சுது. இது மூணாவது, ரூ.1,000 ஆகும். சரின்னு ஒரு வார்த்தை போட்டீங்கன்னா நாளைக்குச் சாயங்காலம் அனுப்பிடுறேன். இப்ப இருக்கிறபடியே போதும்னாலும் சொல்லுங்க, அச்சுக்குக் கொடுத்துடலாம்.”

“பரவாயில்ல”, “மன்னிக்கணும்”, “ஏற்கனவே சொன்னேனே” இந்த மூன்றும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலிரண்டும் நீங்களே தப்பு செய்ததுபோல் காட்டும். மூன்றாவது அவரைக் குத்திக்காட்டும்.

“அஞ்சு நிமிஷ வேலைதானே தம்பி” என்று பதில் வரும். மறுக்க வேண்டாம். “மாத்துறது அஞ்சு நிமிஷம்தான் அண்ணே. பெயர் பெரிசானா எடையும் விலையும் இருக்கிற கட்டம் நகரும், சட்டப்படி அந்த எண்ணுக்கு ஒரு உயரம் இருக்கணும். அதைத் திரும்பச் சரிபார்க்கத்தான் நேரம்.” காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் இப்படிச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஐந்து நிமிடம் என்றால் செய்து கொடுத்துவிட்டுப் பில்லில் கழிவாகக் காட்டுங்கள்.

சொந்தக்காரர் வேலைக்கும் அதே வழிதான். “இந்த ஒரு தடவை” என்று சத்தமில்லாமல் செய்து கொடுத்தது அடுத்த வேலையில் வழக்கமாகிவிடும். விட்டுக்கொடுக்க விருப்பமா, பில்லில் “மூன்றாம் சுற்று ரூ.1,000, கழிவு ரூ.1,000” என்று இரண்டு வரி போடுங்கள். அத்தைக்குச் செய்த உதவி அத்தைக்குத் தெரிந்ததாகவும் இருக்கும், விலை இருந்தது என்பதும் நிற்கும்.

தொல்லை கொடுப்பது பல சமயம் பணம் கொடுப்பவர் அல்ல, பணம் கொடுப்பவரின் அண்ணன். இங்கே கடையில் இருப்பவர் சரி என்பார். சிங்கப்பூரில் இருப்பவர் இரவு பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். ‘திருத்தம் சொல்பவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும் பட்டியல் வாங்குங்கள். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் நீங்கள் பக்கம் சாய வேண்டாம், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, “எதை வைத்துக்கொள்ளட்டும்?” என்று கேட்டுக் காத்திருங்கள். முழு வடிவம் காட்டும் அன்றே இருவரையும் சேர்த்து 20 நிமிட வீடியோ காலில் உட்காரவைப்பது இன்னும் நல்லது. இங்கே இரவு எட்டு என்றால் அங்கே பத்தரை, அதைப் பார்த்து நேரம் வையுங்கள்.

“என்னமோ ஒரு லுக் வரல” என்பது திருத்தமே அல்ல. அதைக் கேட்டு நீங்களாக எதையாவது மாற்றினால் ஒரு சுற்று வீண். பெயர் முதலில் கண்ணில் படுகிறதா, கூட்டமாகத் தெரிகிறதா, மலிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் ஒரு மூலையை மட்டும் மூன்று விதமாக, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி அனுப்புங்கள்: நிறம், எழுத்தின் தடிமன், வெற்றிடம். எதைத் தொட்டால் முகம் மலர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே இடம் மூன்று முறை முன்னும் பின்னும் மாறினால் டிசைனை நிறுத்திவிட்டு, யாருக்கு விற்கிறார்கள், எந்தக் கடைத் தட்டில் நிற்கப்போகிறது என்ற முதல் கேள்விக்கே திரும்புங்கள்.

ஒத்துவராவிட்டால்

பதிலே வராமல் பார்ட்டி மாதக்கணக்கில் காணாமல் போனால், “பத்து நாளில் பதில் இல்லாவிட்டால் முடிந்ததாகக் கொள்ளப்படும்” என்று சிலர் எழுதுகிறார்கள். நம் பக்கம் அது உறவைக் கெடுக்கும். “வேலை நிறுத்திவைக்கப்படும், திரும்பத் தொடங்கும்போது அன்றைய வரிசையில் இடம்” என்பது அதே வேலையை மென்மையாகச் செய்கிறது.

விலக வேண்டியிருந்தால் கோபத்தில் விலகாதீர்கள். முடிந்த கட்டம் வரை கணக்கு எழுதி, வந்த பணத்தைக் கழித்து, அதிகம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்து, அந்தக் கட்டம் வரைக்குமான கோப்பை ஒப்படைத்துவிடுங்கள். உறையூரானாலும் ஒக்கூரானாலும் அடுத்த பார்ட்டி இவரைத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

வெளியூர் நிறுவனம் வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தால் சட்டத்தில் வழி உண்டு. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவது இலவசம். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருப்பது நல்லது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் புகார் பதியலாம். கொட்டேஷன், ஒரு பக்கக் கடிதம், “சரி” என்று வந்த செய்திகள், பில் இவைதான் அப்போது கேட்கப்படும். அதனால் வேலை முடிந்த அன்றே வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து கோப்போடு சேர்த்து வையுங்கள்.

அந்தக் கோப்புறை வேறொன்றுக்கும் உதவும். தீபாவளிக்கு முன் பழைய பலகாரப் பார்ட்டி கூப்பிட்டு, “விலை மட்டும் மாத்தணும், பழசுதான்” என்பார். அது மூன்றாம் சுற்று அல்ல, மறுபதிப்பு. அதற்கு ஒரு நிலையான தொகை வைத்து, முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் போன் இரண்டு நிமிடத்தில் முடியும்.